பாட்டு இல்லாத இசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஆல்பம் தேடுவதில் தொடங்கி சுங்கவரி வரை

போன வருடம் ஒரு மழைநாள் மதியம் ‘அரைவல்’ படம் பார்த்தேன். தொடக்கத்திலும் முடிவிலும் வயலின்களும் செல்லோவும் மெல்ல மெல்ல ஏறி வரும் ஓர் இசை உண்டு. படம் முடிந்தும் அது என்னை விடவில்லை. இசை யோஹான் யோஹான்சன் என்று போட்டிருந்தது. ஆல்பம் சிடியாகக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஆர்வக்கோளாறில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று. நடுவில் கூரியர்காரர்கள் ஆதார் கேட்டார்கள், சுங்கவரி கட்டச் சொன்னார்கள். கையில் வாங்கிய பிறகுதான் என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை என்பது உறைத்தது. தனியாக ஒரு ட்ரைவ் வாங்கி மாட்டிக் கேட்டால், நான் தேடிய இசை அந்த ஆல்பத்திலேயே இல்லை.

அது மேக்ஸ் ரிக்டருடைய ‘ஆன் தி நேச்சர் ஆஃப் டேலைட்’. 2004-ல் வந்த ‘தி புளூ நோட்புக்ஸ்’ என்ற அவருடைய ஆல்பத்தில் இருப்பது. படத்துக்கு எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் கலப்பினால் யோஹான்சனின் இசை ஆஸ்கர் போட்டிக்கே தகுதி இழந்தது. பத்து நிமிடம் பொறுமையாகத் தேடியிருந்தால் எனக்கு ஐயாயிரத்துச் சொச்சம் மிச்சமாகியிருக்கும். நீங்களாவது அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த இசை என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

படத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் மூன்று விதமான ஆல்பங்கள் வரும்: பாடல்களின் தொகுப்பு, பின்னணி இசை, வேறு யாரோ வாசித்த நகல். இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்ப் படம் என்றால் ஆல்பம் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் பாடல்கள்தான். சினிமாக்காரர்கள் ரீ-ரிக்கார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர். என்று சொல்லும் பின்னணி இசை தனியாக, படம் வெளிவந்து சில மாதம் கழித்து வரலாம். வராமலே போகவும் செய்யும். படப் பெயரோடு ‘பேக்ரவுண்ட் ஸ்கோர்’ என்று சேர்த்துத் தேடுங்கள். ஆங்கிலப் படங்களில் ‘ஸ்கோர்’ என்ற சொல்தான் உங்களுக்கு வேண்டியது. வெறும் ‘சவுண்ட்டிராக்’ என்று மட்டும் இருந்தால் படத்தில் வந்த பாப் பாட்டுகளின் தொகுப்பாக இருக்க வாய்ப்புண்டு. டிராக் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பாடகர் பெயர் இருந்தால் அதுதான் இது.

குறிப்பிட்ட ஒரு காட்சியின் இசைதான் வேண்டும் என்றால், அந்தக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டு, ஒலிக்கும் இசையைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷஸாம் போன்ற செயலியை ஓடவிட்டு, போனை ஸ்பீக்கர் அருகே பிடியுங்கள். வசனம் ஓடும்போது அது திணறும், வசனம் நிற்கும் இடமாகப் பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல். வெளியிலிருந்து எடுத்த இசையெல்லாம் பெரும்பாலும் அதன் கடைசிப் பகுதியில், இயற்றியவர் பெயரோடு இருக்கும். ஓடிடியில் அந்த இடத்துக்கு வருவதற்குள் அடுத்த படத்தை ஓட்டிவிடுவார்கள், ரிமோட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

அப்புறம், ஒரே படத்துக்குப் பல பதிப்புகள். ‘பிளேட் ரன்னர்’ 1982-ல் வந்தது. அந்த ஆண்டு கடைக்கு வந்தது வேறொரு ஆர்கெஸ்ட்ரா வாசித்த நகல். படத்தின் இசையமைப்பாளர் வாஞ்சலிஸ் தானே வாசித்த அதிகாரப்பூர்வ ஆல்பம் 1994-ல்தான் வந்தது. இரண்டும் இன்றும் கிடைக்கின்றன. தவறானதை எடுத்தால் ‘படத்தில் கேட்டது மாதிரி இல்லையே’ என்று குழம்பிப்போவீர்கள். ‘இன்டர்ஸ்டெல்லார்’ இசையும் சிறியது, பெரியது, அதைவிடப் பெரியது என்று பல அளவுகளில் இருக்கிறது. புதியவர்களுக்குச் சிறியதே போதும்.

ஒரு எச்சரிக்கை: படம் பார்ப்பதற்கு முன் டிராக் பெயர்களைப் படிக்காதீர்கள். 1999-ல் ஒரு ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஆல்பம் படத்துக்கு முன்பே கடைக்கு வந்தது. முக்கியமான ஒரு பாத்திரத்தின் கதி டிராக் பெயரிலேயே அச்சாகியிருந்தது!

2. முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள்

ஹெட்போன் வேண்டாம், ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், ரெக்கார்டு பிளேயர் வேண்டவே வேண்டாம். போனோடு வந்த இயர்போன் போதும். இந்த இசை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. சிலருக்கு இரண்டாவது வாரத்தில் சலித்துவிடுகிறது. அதில் குற்றமில்லை, ஆனால் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கு அப்புறம் சலித்தால் வருத்தமாக இருக்கும்.

தேவைப்படுவது நேரம். எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு மிக்ஸி ஓடத் தொடங்கிவிடும், ஏழுக்குள் குக்கர் நாலு விசில். ஆகவே ஐந்தரையிலிருந்து ஆறு, அல்லது இரவு பத்துக்கு மேல். இருபது நிமிடம் போதும். ஒரே ஆல்பத்தை மூன்று நாள் தொடர்ந்து கேளுங்கள். பாட்டில் வரிகள் நம் கையைப் பிடித்துக்கொள்ளும், முதல் தடவையிலேயே பல்லவி மனதில் ஒட்டும். இதில் பிடிமானம் கிடைக்க இரண்டாவது, மூன்றாவது தடவை ஆகிறது. முதல் நாள் தூங்கிவிட்டால் பரவாயில்லை. நான் நாலு நாள் தூங்கினேன்.

காரில் கேட்டுப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். இந்த இசையில் மெல்லிய இடத்துக்கும் பெரிய இடத்துக்கும் இடைவெளி மிக அதிகம். மெல்லிய இடத்தைச் சாலைச் சத்தம் தின்றுவிடும். நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள், அடுத்த நிமிடம் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் காதில் இறங்கும்.

3. செயலியைச் சரிசெய்யுங்கள்

நான் மிகத் தாமதமாகக் கற்றது இது. பாட்டுக் கேட்பதற்காக வைத்திருந்த அமைப்புகள் எல்லாம் இந்த இசைக்கு எதிராகவே வேலை செய்தன.

கிராஸ்ஃபேட்: பூஜ்ஜியம். ஒரு டிராக் முடிவதற்குள் அடுத்தது நுழைவது இதனால்தான். பல டிராக்குகள் மௌனத்தில் கரைந்து முடியும்படி செய்யப்பட்டவை, அந்த மௌனத்தை இது விழுங்கிவிடும். வேலை ஒன்றுபோலத் தோன்றினாலும் ‘கேப்லெஸ்’ வேறு. அது டிராக்குகளுக்கு நடுவே வெட்டு விழாமல் பார்த்துக்கொள்வது, அதைப் போட்டு வையுங்கள்.

ஆட்டோபிளே: ஆஃப். இல்லையென்றால் ஆல்பம் முடிந்த மறுநொடி செயலி தன் விருப்பத்துக்கு எதையாவது போடும். ஒரு நாள் இரவு பியானோ அடங்கி நான் கண்மூடிக் கிடந்தபோது எனக்குக் குத்துப்பாட்டு வந்தது.

ஷஃபிள்: ஆஃப். சொல்லவே தேவையில்லை, ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்யூம் சமன்: எல்லா டிராக்குகளையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவருவது இது. ஸ்பாட்டிஃபையில் லவுட், நார்மல், கொயட் என்று மூன்று நிலை இருக்கும். லவுட் வேண்டாம், அது உச்ச இடங்களை அமுக்கிவிடும். நார்மலில் வையுங்கள், அல்லது சமன் செய்வதையே நிறுத்திவிடுங்கள். போனின் சொந்த ஒலி அமைப்பையும் பாருங்கள். பல போன்களில் டால்பி, பாஸ் பூஸ்ட் மாதிரி ஏதாவது நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணையுங்கள்.

தரம்: வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனியாக அமைக்கலாம். 320 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 144 எம்.பி. செலவாகும். தரம் குறைக்காத லாஸ்லெஸ் என்றால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு கேட்பதுதான் சிக்கனம். சாதாரண இயர்போனில் இரண்டுக்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை.

சந்தா: இலவசக் கணக்கில் நடுவில் விளம்பரம் வரும். பாட்டுக்கு நடுவே வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பதினேழு நிமிட அமைதிக்குப் பிறகு வீட்டுக்கடன் விளம்பரம் வந்தால் நெஞ்சு பதறும். ஆகவே ஒரு மாதச் சந்தா மட்டும் முதலில். கல்லூரி மாணவர் என்றால் சலுகைச் சந்தா உண்டு. கல்லூரி அடையாள அட்டை அல்லது அந்த ஆண்டின் கட்டண ரசீது கேட்கக்கூடும், அதில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சரிபார்ப்பார்கள். இலவச மாதங்கள் என்று ஆசை காட்டினால், அது முடிந்ததும் ஆட்டோபே மூலம் பணம் எடுக்கப்படும் என்பதை மறக்காதீர்கள். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பு வங்கியிலிருந்து அறிவிப்பு வரும். நம்மில் யார் அதைப் படிக்கிறோம்? இலவசக் காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது போனில் அலாரம் வையுங்கள்.

4. காதுக்கு என்ன வாங்குவது

ஒரு மாதம் தாண்டியும் ஆசை குறையவில்லை என்றால், காதுக்குள் நன்றாக அடைத்து உட்காரும் வயர் இயர்போன் ஒன்று வாங்குங்கள். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் போதும். போனில் வட்டத் துளை இல்லையென்றால் டைப்-சி இணைப்பு ஒன்றும் தேவைப்படும், ஆயிரத்துக்குள் முடியும். சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் காதில் மாட்டிப் பார்த்தே வாங்கலாம். கூடவே வரும் ரப்பர் முனைகளில் மூன்று அளவு இருக்கும், பொருந்தாத அளவைப் போட்டால் அடிச்சுரம் காணாமல் போய்விடும். நான் இரண்டு மாதம் தவறான முனையை மாட்டிக்கொண்டு இயர்போனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ப்ளூடூத் கூடாது என்பதில்லை. மின்விசிறி இரைச்சல் அதிகமுள்ள அறையில் இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் உண்மையிலேயே உதவும், ஏனென்றால் மாறாத இரைச்சலைத்தான் அது நன்றாக அடக்கும். குக்கர் விசிலை அடக்காது.

மெல்லிய இசையைக் கேட்பவர்கள் தெரியாமலே வால்யூமைக் கூட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. இன்றைக்குப் பல போன்களே இந்தக் கணக்கைக் காட்டுகின்றன.

5. எதிலிருந்து தொடங்குவது

பழகிய காதுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கித் தூரம் போவது நல்லது. என் வரிசை இது.

முதலில் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’, 1986. இதில் வயலின் பிரதானம். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற டிராக்கைக் கேட்பதற்கு முன், மேற்கத்தியச் செவ்வியல் மேதை பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற இசைத்தொகுப்பின் முன்னுரைப் பகுதியை ஒருமுறை கேளுங்கள், நாலு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு ராஜா அதற்குள் நுழைந்து என்ன செய்கிறார் என்பது தனியாகத் தெரியும். யாரும் சொல்லாமல் நான் இதைப் பத்துத் தடவை சும்மா கேட்டிருக்கிறேன். இது பிடித்தால் 1988-ல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு.

அடுத்து 1995-ன் ‘பாம்பே’ தீம். நம் எல்லோருக்கும் மனப்பாடம், அதனால்தான் பயிற்சிக்கு ஏற்றது. முதல் தடவை நவீனின் புல்லாங்குழலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது தடவை குழலை விட்டுவிட்டு அடியில் நகரும் வயலின் கூட்டத்தை மட்டும். மூன்றாவது தடவை எது எப்போது வாய் மூடிக்கொள்கிறது என்று பாருங்கள். இந்த மூன்று தடவை முறை எல்லா இசைக்கும் பொருந்தும்.

பிறகு ‘இன்டர்ஸ்டெல்லார்’. ஹான்ஸ் ஜிம்மர் இதற்காக லண்டன் டெம்பிள் சர்ச்சின் ஆர்கனை, அதாவது குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய வாத்தியத்தை, பதிவு செய்தார். போன் ஸ்பீக்கரில் கேட்டால் அந்த ஆர்கனின் அடிச்சுரங்கள் வரவே வராது. இயர்போன் வாங்கிய காசு இங்கேதான் வசூலாகும்.

சூழல் இசை என்று சொல்லப்படும் ஆம்பியன்ட்டுக்கு பிரையன் ஈனோவின் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’, 1978. நாலே டிராக். முதலாவது ‘1/1’, பதினேழு நிமிடத்துக்கு மேல். இதை உட்கார்ந்து உற்றுக் கேட்டால் எரிச்சல் வரும், எனக்கு வந்தது. துணி மடிக்கும்போது, தாழ்ந்த ஒலியில், ஸ்பீக்கரில் போடுங்கள். கவனித்தால் சுவை இருக்க வேண்டும், கவனிக்காவிட்டால் தொந்தரவு செய்யக் கூடாது என்பதே இந்த வகையின் நோக்கம். ‘2/1’ வெறும் குரல்களால் ஆனது. ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையத்தில் சுற்றுகிறது. வேகம் வேறான இரண்டு மின்விசிறிகளின் இறக்கைகள் சில நேரம் ஒன்றாகத் தெரிந்து பிரியுமே, அதைப் போல.

தூக்கத்துக்கு வேண்டுமென்றால் மேக்ஸ் ரிக்டரின் ‘ஸ்லீப்’, 2015. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு மணி நேரச் சுருக்கம் ‘ஃப்ரம் ஸ்லீப்’ என்ற பெயரில் உண்டு, அதில் தொடங்குங்கள். இயர்போனோடு தூங்காதீர்கள், ஸ்பீக்கரில் ஸ்லீப் டைமர் போட்டுக்கொள்ளுங்கள்.

6. தவிர்க்க வேண்டியவை

‘டிரிப்யூட்’, ‘இன்ஸ்பயர்ட் பை’, ‘கவர்’ என்ற சொற்கள் தலைப்பில் எங்காவது இருந்தால் அது அசல் இல்லை. ‘8டி’, ‘ஸ்லோட்’, ‘432 ஹெர்ட்ஸ்’ எல்லாம் யாரோ ஒருவர் அசலைப் பிசைந்து போட்டவை. பத்து மணி நேர மழை-பியானோ வீடியோக்களில் நாற்பது நொடித் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும், ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கேட்க முடியாது. முன்பின் தெரியாத கலைஞர் பெயர், ஒரே மாதத்தில் நூறு டிராக், எல்லாமே இரண்டரை நிமிடம் என்றால் தாண்டிப் போங்கள்.

7. விலைகொடுத்து வாங்குவது

செயலியில் இன்றைக்கு இருக்கும் ஆல்பம் நாளைக்கு உரிமைச் சிக்கலால் காணாமல் போகும். மிகப் பிடித்த ஐந்தாறு ஆல்பங்களையாவது சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். ஆம்பியன்ட் கலைஞர்களில் பலர், இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் இருக்கிறார்கள். ஒருமுறை பணம் கட்டினால் ஃப்ளாக் (லாஸ்லெஸ் கோப்பு), எம்பி3 என்று வேண்டிய வடிவில் இறக்கிக்கொள்ளலாம்.

அங்கே யூபிஐ கிடையாது, கார்டு அல்லது பேபால். 2020-க்குப் பிறகு தரப்பட்ட கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வங்கிச் செயலியில் ‘இன்டர்நேஷனல்’, ‘ஆன்லைன்’ இரண்டையும் நீங்களே திறக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மூன்று தடவை தோற்றேன். வரம்பை இரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டு, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள், ஏனென்றால் வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடலாம். அந்நியச் செலாவணிக் கட்டணம் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை, அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி வேறு. 8 டாலர் ஆல்பம் எனக்கு 725 ரூபாயில் முடிந்தது.

8. வெளிநாட்டிலிருந்து சிடி வரவழைத்தால்

முதலில் என் கணக்கு. சிடி 1,150. அனுப்பும் கூலி 1,600. சுங்கவரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேர்த்து 980. சிடி ட்ரைவ் 1,650. மொத்தம் 5,380 ரூபாய்.

வரி, பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் கூலியையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். அதனால் வேகமான கூரியரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் அடி. தபாலில் வந்தால் பார்சலைத் தரும்போது வரியைக் கட்டிக்கொள்ளலாம், மெதுவாக வரும்.

ஆர்டர் போட்ட அன்றே எடுத்து வைக்க வேண்டியவை: ஆதாரின் இரண்டு பக்கங்கள் (அல்லது பாஸ்போர்ட்), விலை தெரியும் இன்வாய்ஸ், பணம் போனதற்கான சான்று. கூரியர்காரர்கள் கேட்ட பிறகு தேடினால் பார்சல் கிடங்கில் நாள் கணக்கில் கிடக்கும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். தளத்தில் என் பெயரை முன்னால் எழுதி, கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ஒரே ஓர் எழுத்தைப் போட்டிருந்தேன். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருந்தது. இரண்டு பேரும் ஒருவரே என்று புரியவைக்க ஒன்பது நாள், ஆறு மின்னஞ்சல். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

‘கிஃப்ட் என்று போடச் சொல்லு, வரி இல்லை’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து அந்த வழி மூடியாகிவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும்தான் விலக்கு. விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் இதே வகை வம்பு.

பார்சல் வழியில் இருக்கும்போது ‘சுங்கவரி பாக்கி, உடனே கட்டவும்’ என்று எஸ்எம்எஸ் வரும். எனக்கு இரண்டு வந்தன, இரண்டும் மோசடி. லிங்க்கைத் தொடாமல், உங்கள் டிராக்கிங் எண்ணைக் கூரியரின் சொந்தத் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் நெரிசலில் ஆர்டர் போடாதீர்கள். எல்பி ரெக்கார்டு என்றால் ஏப்ரல், மே வேண்டாம், வெயிலில் வளைந்துவிடும்.

சிடி வந்ததும் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற விண்டோஸ் மென்பொருளில் ஃப்ளாக்காக மாற்றி இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். அது இலவசம், ஒரு சிடிக்குப் பத்திருபது நிமிடம் ஆகும். இதற்காக ட்ரைவ் வாங்குவதற்கு முன், தெருவில் யாராவது பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் எதிர்வீட்டு மாமாவிடம் இருந்திருக்கிறது. 1,650 ரூபாய் செலவழித்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.